வாலுக்கு ஐந்து வோல்ட்

ஜனவரி 22, திங்கள்

பல வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி காலையிலிருந்து மனதில் ஓடுகிறது. பெயர் துளசிமணி. இரண்டாவது பெஞ்சு. "டீச்சர், கரண்டு கம்மியா வந்தா மோட்டாரு எரிஞ்சு போயிருமுன்னு எங்கப்பா சொல்றாருங். அப்பொ ஜாஸ்தியா வந்தா நல்லா ஓடுமில்லீங்?" அந்த வாரம்தான் அவர்கள் கிணற்று மோட்டார் எரிந்திருந்தது. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி அது. ஒரு பீரியட் முழுக்கப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, நன்றாகத்தான் சொல்லியிருப்பேன்.

அது நினைவுக்கு வரக் காரணம் நேற்றைய மைதானம். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோயம்புத்தூருக்கு வெளியே பூபதி போட்ட மனைப்பிரிவு. விற்காத மனைகள், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், நடுவில் வண்டி போகாத அகலமான தார் ரோடு. ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடி ரிமோட் விமானங்கள் பறக்கவிடுகிறோம். இடம் பூபதியுடையது என்பதால் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. தேர்தல் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதில் ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர், நானும் ஒருத்தி. என்னோடு ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போனார்கள். நான் ஹெலிகாப்டர் வாங்கினேன்.

நேற்று வேகமாகத் திருப்பும்போது இயந்திரம் சோம்பியது. எரிந்த மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் மருதாசலம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வோல்டேஜ் பத்தலீங் டீச்சர். செர்வோக்கெல்லாம் அஞ்சுதான் போகுது. ஏத்தி உடுங்," என்றார்.

செர்வோ என்பது தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். ரிமோட்டில் குச்சியை அசைத்தால் அதன் சின்னக் கை அசையும். என் இயந்திரத்தில் நாலு இருக்கின்றன. மூன்று, மேலே சுற்றும் பெரிய இறக்கையைச் சாய்க்க. நாலாவது, வாலில் சுற்றும் சின்ன விசிறிக்கு.

மருதாசலம் வோல்டேஜ் பற்றிச் சொன்னால் இங்கே யாருக்கும் மறுக்கத் தோன்றாது. எங்கள் எல்லாருக்கும் பொது எதிரி லோ வோல்டேஜ்தான். மிக்சி திணறும், ஃபிரிட்ஜ் முனகும், டியூப்லைட் கண்ணடிக்கும். வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர். எது நின்றாலும் "வோல்டேஜ் இல்லை" என்போம். ஒரு ஆள் சோர்ந்து உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வோம்.

செர்வோக்களுக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஐந்தரைக்கு ஏற்றிவிட்டேன்.

எனக்கும் கொஞ்ச நாளாகச் சோர்வு. தைராய்டு மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரை ஆக்கியிருக்கிறேன். பலன் தெரிகிறது.

ஜனவரி 25, வியாழன்

விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு. சும்மா படுத்திருப்பானேன் என்று சமையலறை அலமாரியை ஒழித்துத் துடைத்து அடுக்கினேன். இவர் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், சம்பத். நூற்பாலை ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஊட்டையே பெரட்டிப் போட்டிருக்கியே அம்மிணி. யாராச்சும் பொண்ணு பாக்க வராங்களா?"

"வந்தா உங்களுக்குச் சொல்லாமயா இருப்பேன்?"

ஜனவரி 28, ஞாயிறு

இயந்திரம் துள்ளுகிறது. குச்சியைத் தொடும் முன்பே திரும்புவது போல ஒரு சுறுசுறுப்பு. ஒரே குறை, நிற்கும்போது வால் லேசாக ஆடுகிறது, எஜமானைக் கண்ட நாய் போல.

மருதாசலம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பத்தலீங். ஆறாக்கி உடுங். அடங்கிரும்."

ஆறாக்கினேன். மாத்திரையும் இரண்டு. அரைகுறையாக எதையும் செய்யக்கூடாது.

ஜவுளிக்கடைப் பக்கத்துத் தையல்காரரிடம் ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் தொளதொள. துணி இளகிவிட்டது.

பிப்ரவரி 1, வியாழன்

காபி ஆற்றும்போது டம்ளரும் டபராவும் சத்தம் போடுகின்றன. இரண்டும் வேறு வேறு செட்.

வாசல் கோலம் கோணல். மாவில் ஈரம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

விழுந்துவிட்டது.

இரண்டு ஆள் உயரத்தில் நிறுத்தியிருந்தேன். வால் ஆடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு கண் தொடர முடியாத வேகத்தில். அப்புறம் ஒரேயடியாக விட்டுவிட்டது. ஹெலிகாப்டரில் வால் கைவிட்டால் உடம்பு பம்பரமாகிவிடும். பவரை நிறுத்தினேன். மஞ்சள் கல்லின் மேல் விழுந்தது. எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நின்றதால் யாருக்கும் அடியில்லை.

பூபதி என்னை நோக்கி வந்தார். விழுந்ததைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தபடி வந்தார். ரிமோட்டை மாட்டும் கொக்கி அதன் வளையத்தில் பட்டு டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங். உங்களுக்குக் கை நடுங்குதுங்களா?"

"இப்பத்தான் விழுந்திருக்கு. உங்களுதா இருந்தா உங்களுக்கு நடுங்காதுங்களா?"

"இல்லீங், முன்னாடியே பாத்தேன். காபி குடிக்கறப்ப." குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது இன்னும் மோசம். "எங்கம்மாவுக்கும் உங்க வயசுதானுங். நான் சொல்றது உங்க நல்லதுக்கு. ஞாயித்துக்கெழமை வழக்கம்போல வாங். சேர் போடறோம். உக்காந்து வேடிக்கை பாருங். பிஸ்கட்டெல்லாம் இருக்குது."

"வேடிக்கை பாக்க நான் வரலீங். பரீட்சை வையுங். எல்லார் முன்னாலயும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாங்க முடியாமல் பூபதி ஒத்துக்கொண்டார். பரீட்சை இதுதான்: பத்தடிச் சதுரம் ஒன்றுக்குள், மூக்கு என்னைப் பார்க்க, இரண்டு நிமிடம் இயந்திரத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். பிப்ரவரி 25. தோற்றால் இனி இந்த இடத்தில் நான் பறக்கவிடக் கூடாது. வேறு இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"தோத்துட்டீங்கன்னா வருத்தப்படக் கூடாதுங்."

"தோத்தா பிஸ்கட் சாப்பிடறேன்," என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

பிஸ்கட்.

பிப்ரவரி 7, புதன்

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இறக்கை ஒடிந்தது, வால் குழாய் வளைந்தது. இவையெல்லாம் விழுந்ததால் வந்தவை. எனக்கு வேண்டியது விழுவதற்கு முன்னால் வந்தது.

மூன்று செர்வோ நன்றாக இருக்கின்றன. நாலாவது, வால் செர்வோ, அசையவில்லை. மூடியைத் திறந்தேன். எரிந்த சுவிட்சுப் பலகை வாசனை. செர்வோக்களின் பெட்டிகளில் மடித்து வைத்திருந்த காகிதங்களைத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடியில் படித்தேன். மற்ற மூன்றும் ஆறு வோல்ட் தாங்கும். வால் செர்வோவுக்கு மட்டும் ஐந்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.

ஏன் அதற்கு மட்டும்? யோசித்தால் புரியும். மற்ற மூன்றும் நான் சொல்லும்போது வேலை செய்பவை. வால் ஓய்வதே இல்லை. கூட்டமான டவுன் பஸ்ஸில் இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பஸ் ஆடும்போதெல்லாம் உங்கள் கணுக்கால் உங்களைக் கேட்காமலே உங்களைப் பிடித்து நிறுத்துகிறது. வால் செர்வோதான் அந்தக் கணுக்கால். ஜைரோ என்ற சிறு பெட்டி உடம்பு திரும்புவதை உணர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். இது திருத்திக்கொண்டே இருக்கும். நொடிக்கு நொடி வேலை. அதனால் எப்போதும் சூடு.

அதற்கு ஆறு வோல்ட் கொடுத்தால் பலம் வரும், வேகமும் வரும். கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிற பையனை எல்லா வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். தப்பாகச் சொல்லி, அதைத் திருத்தப் பாய்ந்து, அந்தப் பக்கமும் தப்பாகச் சொல்வான். வால் ஆடியது அப்படித்தான். நான் ஆட்டத்தைப் பார்த்து, பத்தவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்களுக்குக் குறைந்தால்தான் கெடும் என்று தெரியும். கூடியதால் கெட்ட எதையும் நாங்கள் பார்த்ததே இல்லை.

துளசிமணிக்கு ஒரு பீரியட் முழுக்க என்ன பதில் சொன்னேன் என்பது இன்று சாயங்காலம் வரிவரியாக நினைவுக்கு வந்தது.

ஆகவே தவறு என்னுடையது. என் கையுடையது அல்ல. இரண்டும் ஒன்றில்லை. மைதானத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்வேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இவர் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததை எல்லாம் விளக்கினேன். இவர் நல்ல மாணவர். நடுவில் பேசமாட்டார், கடைசியில் கேட்பார்.

"அப்பொ, தேவைக்கு மேல குடுத்தா அது நடுங்கும்."

"ஆமாங்."

"நிக்க வேண்டிய எடத்துல நிக்காது. ஓடிட்டே இருக்கும்."

"ஆமாங்."

"தூங்காது."

"செர்வோ எங்கீங் தூங்கும்?"

"சூடாகும். வேர்க்கும். எளைச்சுப் போகும்."

"வேர்க்காதுங். எளைக்காதுங். என்ன பேசறீங்க?"

அவரைக்காயைக் கீழே வைத்தார். அலமாரியில் மாத்திரைப் பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

பொரியல் தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

வெறும் வயிற்றில் போய்த் தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ஸ்கூட்டர் ஓட்டியது இவர்.

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாத்திரையை ரெண்டாக்கச் சொன்னது யாரு?"

"பத்தலைன்னு தோணுச்சு."

"உங்களுக்கே தோணிருச்சா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

நாளையிலிருந்து பழையபடி ஒன்று. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். தூக்கம் முதலில் சரியாகும், மற்றதெல்லாம் மெல்ல மெல்ல. "இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள நின்னுருங்களா?" என்று இவர் கேட்டார். எது என்று சொல்லவில்லை. அப்படி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"பரவாயில்லை," என்றேன்.

"எது பரவாயில்லை?" என்று கேட்டார். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹெலிகாப்டரையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 14, புதன்

அதே வகைப் புது வால் செர்வோ கூரியரில் வந்தது.

எல்லாவற்றையும் ஐந்துக்கு இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். முடியாது. மேலே இருக்கும் மூன்றும் ஐந்தில் சோம்புகின்றன. மருதாசலம் சொன்னதில் அந்தப் பாதி உண்மை. எனவே மூன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு ஐந்து. ஒரே வீட்டில் நாலு பேருக்கும் ஒரே அளவு சோறு போட்டுவிட்டு நியாயமாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியுமா?

முதலில் டயோடு போட்டுப் பார்த்தேன். வழியில் ஒரு டயோடு வைத்தால் அது முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தான் எடுத்துக்கொண்டு மீதியை விடும். ஒன்று வைத்தால் ஐந்தே கால் போகிறது, அதிகம். இரண்டு வைத்தால் நாலரை, வால் தூங்குகிறது. பாரம் ஏறினால் கணக்கு இன்னும் மாறுகிறது. பரீட்சைக்கு இது ஆகாது.

பிப்ரவரி 16, வெள்ளி

காந்திபுரம் எலக்ட்ரானிக்ஸ் கடையில், உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே ஐந்து மட்டும் விடும் சிறு பலகை கிடைத்தது. நான் அதற்கு இறக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். வால் செர்வோவுக்கு மூன்று கம்பிகள் போகின்றன. சிவப்பு மட்டும்தான் மின்சாரம் கொண்டுபோவது. அதை மட்டும் வெட்டி நடுவில் இறக்கியை வைக்க வேண்டும். ஜைரோவின் கட்டளை போகும் கம்பியைத் தொடவே கூடாது. தரைக்கம்பி இறக்கிக்கும் பொது.

இவர் கம்பியை இடுக்கியில் பிடித்துக்கொண்டார். பற்றவைத்தது நான்.

"என் வெரல்ல வெச்சறாத அம்மிணி. எனக்கு ஆறு வோல்ட் தாங்காது."

மூன்று தடவை ஈயம் தப்பான இடத்தில் விழுந்தது. நாலாவது பிடித்தது. இவர் கை அசையவே இல்லை.

மீட்டர் வைத்தேன். செர்வோ சும்மா இருக்கும்போது ஐந்து. அதில் பெருமை இல்லை. சும்மா இருக்கும்போது எல்லாரும் ஒழுங்குதான். குச்சியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டே பார்த்தேன். அப்போதும் ஐந்து. நூலளவு இறங்கி, உடனே ஐந்து.

பிப்ரவரி 18, ஞாயிறு

மைதானத்தில் எல்லாரையும் கூட்டி எரிந்த செர்வோவைக் காட்டினேன். மருதாசலத்தின் முகம் வாடிவிட்டது.

"நான்தானுங் ஏத்தச் சொன்னேன்."

"சொன்னது நீங்க. திருகினது நானுங். காகிதத்தைப் படிக்காம திருகினேன். கணக்கு அங்க முடிஞ்சுது."

பூபதி செர்வோவை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "செரிங். ஆனா கை?"

"பரீட்சை அடுத்த வாரமுங்."

பையிலிருந்து என் புதுத் தயாரிப்பை எடுத்தேன். பரீட்சை எழுதும் அட்டை. அதன் இரு முனையிலும் பழைய சேலைக் கரையைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வயிற்றுக்கு முன்னால் தட்டுப் போல நிற்கும். ரிமோட்டை அதில் வைத்து, மணிக்கட்டு இரண்டையும் பலகையில் படியவைத்து, குச்சியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிப்பேன்.

"அதென்னுங் டீச்சர், பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கப் போறீங்களா?" என்றார் பூபதி. சிலர் சிரித்தார்கள்.

"உங்களுக்கு ரெண்டு தரட்டுங்களா?"

"இல்லீங், வெளையாட்டுக்குச் சொல்லலை. கையைச் சாச்சு வெச்சுட்டுப் பறக்கறது ஏமாத்துங்."

"நீங்க கண்ணாடி போட்டுட்டுத்தானே படிக்கறீங்க? அதுவும் ஏமாத்துங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 22, வியாழன்

மருதாசலத்தின் மச்சான் கோழிப்பண்ணைக்குப் பின்னால் காலியிடம் இருக்கிறது. அடுத்த குஞ்சுகள் வரும்வரை ஷெட்டுகளில் கோழி இல்லை. அங்கே பயிற்சி. மருதாசலம் சுண்ணாம்பில் சதுரம் போட்டார்.

வால் கம்பீரமாக நின்றது. இயந்திரம்தான் சதுரத்தை விட்டு மூன்று தடவை வெளியே போனது. காற்று.

இல்லை. காற்று இல்லை. அங்கிருந்த வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

குச்சி நடுவில் இருக்கும்போது மந்தமாக நடக்கும்படி ரிமோட்டை மாற்றிவைத்தேன். சின்ன அசைவைக் கண்டுகொள்ளாது, பெரிய அசைவுக்குத்தான் கீழ்ப்படியும். அதன் பிறகு ஒரு தடவைதான் வெளியே போனது. மருதாசலம் அதைப் பார்க்காதது போல ஷெட்டின் கூரையைப் பார்த்தார்.

பிப்ரவரி 24, சனி

நன்றாகத் தூங்கினேன். டபரா இன்னும் பேசுகிறது. குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கமாக வராதவர்களும். இவரும் வந்தார். பூபதி போடச் சொன்ன சேரில் உட்காராமல் அதற்குப் பின்னால் நின்றார்.

சதுரத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் போகும்வரை பேட்டரியை இணைக்கவில்லை. அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது பூபதி வந்தார்.

"மொதல்ல கையை நீட்டுங் டீச்சர். எல்லாரும் பாத்துக்கட்டும்."

"பறக்கப் போறது என் கை இல்லீங். வாலைப் பாருங்."

ஏற்றினேன். மூக்கை என் பக்கம் திருப்பினேன். மூக்கு நம்மைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். இடம் என்பது வலம், வலம் என்பது இடம். கண்ணாடியில் பார்த்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வது போல. பூபதி செல்போனில் நேரத்தை ஓடவிட்டார்.

கை நடுங்கியது. எழுதிவிடுகிறேன். முதல் நொடியிலிருந்து நடுங்கியது. பாதி நடுக்கத்தை அட்டை வாங்கிக்கொண்டது. மீதியைக் குச்சி கண்டுகொள்ளவில்லை. அதையும் தாண்டிப் போன கொஞ்சத்துக்கு இயந்திரம் சதுரத்துக்குள் மெல்ல அலைந்தது, கூட்டத்தில் செருப்புத் தேடுகிறவர் போல. ஆனால் சதுரத்துக்குள்.

பாதி நேரம் இருக்கும். மேற்கிலிருந்து புழுதியோடு ஒரு காற்று வந்தது. இந்தத் தடவை நிஜமான காற்று. இயந்திரத்தைக் கோடு வரைக்கும் தள்ளியது. வால் ஒரு கையகலம் விலகியது, திரும்பி வந்தது, வந்த இடத்தில் நின்றது. தாண்டிப் போகவில்லை, மறுபடி ஆடவில்லை. ஐந்து வோல்ட்டில் அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது. வாலைப் பற்றிய பயம் இல்லாததால் என் கவனம் முழுவதும் கோட்டில் இருந்தது. இயந்திரத்தின் ஒரு காலின் நிழல் சுண்ணாம்பைத் தொட்டது. கிள்ளிப் பிடித்த குச்சியை ஓர் அரிசி அளவு இழுத்தேன். உள்ளே வந்தது.

"முடிஞ்சுதுங்," என்றார் பூபதி. அவர் சொன்ன பிறகும் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் சதுரத்தின் நடுவில் இறக்கினேன்.

இறக்கை நின்றதும் அருகில் வந்தார். "பாஸுங். யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, மாசாமாசம் இதே மாதிரி ஒருக்கா வெச்சுக்கலாமுங். உங்க நல்லதுக்குத்தான்."

"எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?"

அவர் செல்போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுவே பதில்.

அட்டையில் செருகியிருந்த வெள்ளைத்தாளை எடுத்தேன். வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அதன் மேல் தாளை வைத்தேன். தாளின் ஓரம் படபடவென்று அடித்தது. பின்வரிசைக்கும் தெரிந்திருக்கும்.

"இதத்தானே பாக்கணும்னீங்க? பாருங். நடுங்குது. இப்ப எறக்கினது இந்தக் கைதான்."



"இப்ப நீங்க நீட்டுங்."

பூபதி சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் கையை நீட்டினார். தாளை அவர் விரல்மேல் வைத்தேன். எல்லாரும் குனிந்தோம். ஓரம் அசைந்தது. என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் அசைந்தது. அதை நிறுத்த முயன்றார், இன்னும் கொஞ்சம் அசைந்தது.

"காத்துங்," என்றார்.

"இருக்குமுங்," என்றேன். போன வியாழன் நானும் அதைத்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

"எனக்கு வையுங் டீச்சர்," என்று மருதாசலம் கையை நீட்டினார். தாள் கோழி போல அடித்துக்கொண்டது. "காயில் சுத்தின கைங். இது என்னைக்கு நின்னுச்சு?" அதன் பிறகு ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். ஒருவர் தாளும் சும்மா இருக்கவில்லை.

"மாசாமாசம் பரீட்சை வையுங்," என்று பூபதியிடம் சொன்னேன். "எல்லாருக்கும் வெச்சா மொத ஆளா வந்து நிக்கறேன். கையோட வாலுக்குப் போற வோல்டேஜையும் ஓடறப்ப அளந்து பாக்கலாம். எனக்கு மட்டுமுன்னா நான் எழுத மாட்டேன். ஆனா பறக்க வருவேன்."

"அடுத்த வாரம் எல்லாரும் ஒக்காந்து பேசிக்கலாமுங்."

"பேசுங். நான் மேல பறந்துட்டு இருப்பேன். அண்ணாந்து பாத்துட்டே பேசுங்."

இரண்டாவது பேட்டரியை மாட்டிப் பறக்கவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. இவர் அப்போதுதான் சேரில் உட்கார்ந்தார்.

தாள் வித்தை என்னுடையதல்ல. அன்று டாக்டர் என் விரல்மேல் தாளை வைத்துப் பார்த்தார். அதை அன்றைக்கு இங்கே எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. என் தாள் அடித்துக்கொண்டதைப் பார்த்து இவர் முகம் மாறியது. அதைக் கண்ட டாக்டர் அதே தாளைத் தன் விரல்மேலும் வைத்துக் காட்டினார்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்து, அதன் மேல் வைத்து ஓரத்தைப் பாருங்கள்.